கோத்ரெஜ்: பூட்டு அண்ணனுடையது, கம்பெனி தம்பியுடையதா?

கும்பகோணத்தான்:

வீடு மாற்றுகிறோம். பாட்டிக்குச் சீராக வந்த கோத்ரெஜ் பீரோவை மாடியிலிருந்து இறக்க நான்கு ஆட்கள் வேண்டியிருந்தது. எங்கள் தெருவில் யாரும் கோத்ரெஜ் என்று சொல்ல மாட்டார்கள், ‘காட்ரேஜ்’தான். பக்கத்துத் தெரு வெல்டிங் பட்டறையில் அடித்த பீரோவும் காட்ரேஜ்தான். கைப்பிடியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டால் பாட்டி காசு எடுக்கிறாள் என்று அர்த்தம். எங்கிருந்தாலும் ஓடிவந்து பின்னால் நிற்போம்.

பீரோவை இறக்கிய அலுப்பில் உட்கார்ந்து கோத்ரெஜ் சகோதரர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எல்லாரும் அண்ணன் அர்தேஷிரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். 1897, பம்பாய் லால்பாக், சின்னக் கொட்டகை, பூட்டு. தம்பி பிரோஜ்ஷாவுக்கு ஒரே வரி: ‘பின்னர் தொழிலில் சேர்ந்தார்’. ஆனால் கூட்டிக் கழித்துப் பார்த்தால், அர்தேஷிர் இறந்தது 1936இல். பிரோஜ்ஷா இருந்தது 1972 வரை. நமக்குத் தெரிந்த கோத்ரெஜ் பெரும்பாலும் அந்த இடைப்பட்ட காலத்தில் உருவானது. அப்படியென்றால் கம்பெனியை உண்டாக்கியவர் யார்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையபேப்பர்:

நல்ல கேள்விதான், ஆனால் அண்ணனை அவ்வளவு சுலபமாக ஓரங்கட்டிவிட முடியாது. அர்தேஷிர் படித்தது சட்டம். 1894இல் வழக்கு ஒன்றுக்காகக் கிழக்கு ஆப்பிரிக்காவில் உள்ள சான்சிபார் தீவுக்குப் போனார். கட்சிக்காரருக்காக உண்மையை வளைத்துப் பேச வேண்டிய நிலை வந்தது. முடியாது என்று வக்கீல் தொழிலையே விட்டுவிட்டு ஊர் திரும்பினார். பம்பாயில் ஒரு மருந்துக்கடையில் உதவியாளர் வேலை. அங்கேதான் அறுவைசிகிச்சைக் கருவிகள் மீது கண் போனது. அப்பாவின் நண்பர் மேர்வான்ஜி காமாவிடம் 3000 ரூபாய் கேட்டார். அப்பாவிடமே கேட்கலாமே என்றதற்கு, அப்பா கொடுத்தால் அது கடனாக இருக்காது, இனாமாகிவிடும் என்றாராம்.

கத்தி, கத்தரி, இடுக்கி எல்லாம் செய்தார். வாங்க வேண்டிய வெள்ளைக்காரக் கம்பெனிக்குத் தரத்தில் குறையில்லை. ஆனால் ‘இந்தியாவில் செய்தது’ என்று பொறித்தால் விற்காது, அதை எடுத்துவிடு என்றார்கள். இவர் எடுக்கவில்லை. தொழில் படுத்தது. பூட்டு அதற்கு அப்புறம் வந்ததுதான். பம்பாயில் திருட்டு பெருகிவிட்டது, வீட்டைப் பத்திரமாகப் பூட்டுங்கள் என்று செய்தித்தாளில் வந்ததைப் பார்த்துத் திரும்பவும் காமாவிடம் போய் நின்றார்.

ஆக, முதல் கம்பெனியைக் கெடுத்தது அவருடைய பிடிவாதம். இரண்டாவது கம்பெனியைக் காப்பாற்றியதும் அதே பிடிவாதம் என்பேன்.

திண்டுக்கல்காரன்:

பூட்டு என்றதும் வந்துவிட்டேன். எங்கள் தாத்தா மாங்காய்ப் பூட்டு அடித்தவர். அர்தேஷிர் செய்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விளக்கினால்தான் இந்தச் சண்டை புரியும்.

லீவர் பூட்டுக்குள் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டு. சாவியின் பல் ஒவ்வொன்றும் தன் தகட்டைத் தனக்குரிய உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லா வெட்டும் ஒரே நேர்கோட்டில் வந்தால்தான் தாழ்ப்பாளின் முளை உள்ளே நுழையும். ஒரு தகடு மயிரிழை ஏறினாலும் இறங்கினாலும் திறக்காது. தகடுகளைக் கீழே அழுத்திப் பிடிக்க ஸ்பிரிங் இருக்கும். நம் ஊர் ஈரக்காற்றுக்கு முதலில் துருப்பிடித்து ஒடிவது அந்த ஸ்பிரிங்தான். ஒடிந்துவிட்டால் சரியான சாவி போட்டாலும் தகடு தன் இடத்தில் நிற்காது, வீட்டுக்காரன் வெளியே நிற்பான்.

அர்தேஷிர் ஸ்பிரிங்கே இல்லாத லீவர் பூட்டைச் செய்து காப்புரிமையும் வாங்கினார். தப்பான சாவியை யாராவது போட்டால் பூட்டு அப்படியே இறுகிக்கொண்டு உடையவனுக்குக் காட்டிக்கொடுக்கும் வகையும் செய்தார். ஆரம்பத்தில் ‘நங்கூரம்’ என்ற பொருள்படும் பெயரில் விற்ற பூட்டுகளுக்கு, கூடவே வரும் சாவியைத் தவிர வேறெந்தச் சாவிக்கும் திறக்காது என்று உத்தரவாதச் சீட்டு கொடுத்தார். கையால் பூட்டு அடிக்கிற வீட்டில் பிறந்தவனாகச் சொல்கிறேன், அப்படி எழுதிக் கொடுக்கத் தைரியம் வேண்டும். ஒரு நாளைக்கு நாலு பூட்டு அடிப்பவன் கொடுக்கலாம். இயந்திரம் வைத்து நூற்றுக்கணக்கில் அடிப்பவன் கொடுப்பது வேறு விஷயம்.

எங்கள் ஊர்ப் பூட்டுக்கு 2019இல்தான் புவிசார் குறியீடு கிடைத்தது. கைவேலையில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை. ஆனால் எங்கள் ஊரில் ஒரு அர்தேஷிர் வரவில்லை. சரி, அந்த வயிற்றெரிச்சல் எனக்கு உண்டு.

விக்ரோலிவாசி:

இருபத்தைந்து வருடமாக மும்பையில் இருக்கிறேன், ரயிலில் தினமும் விக்ரோலியைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறேன். தம்பி பக்கம் நான் பேசுகிறேன்.

திண்டுக்கல்காரன் அண்ணே, நீங்கள் சொன்னதெல்லாம் லால்பாக் பட்டறைக் கதை. பட்டறையிலிருந்து கம்பெனி ஆனது எப்படி? 1940களின் தொடக்கத்தில் விக்ரோலியில் பிரோஜ்ஷா நிலம் வாங்கினார். அப்போது அது நகரமே இல்லை, உப்பளமும் சதுப்பும். யாரைக் கேட்டாலும் பைத்தியக்காரத்தனம் என்றிருப்பார்கள். அங்கே தொழிற்சாலை மட்டும் கட்டவில்லை, தொழிலாளர் குடியிருப்பு, பள்ளிக்கூடம் எல்லாம் வந்தன. பிரோஜ்ஷாநகர் என்று இன்றும் பெயர். தானே ஓடையை ஒட்டி அவர்கள் வெட்டாமல் விட்டுவைத்த அலையாத்திக் காடு ஆயிரக்கணக்கான ஏக்கர். ரயில் ஜன்னலில் பச்சையாக ஓடும். மும்பையில் இந்த அளவு பச்சையைப் பார்ப்பதே அபூர்வம்.

அப்புறம் 1951. முதல் பொதுத்தேர்தல். இப்போது போல் ஒரே சீட்டில் எல்லாச் சின்னமும் அச்சடித்துத் தரவில்லை அப்போது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டி மேல் அவர் சின்னம். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தங்களுக்குப் பிடித்த பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வரலாம். ஒரு சாவடியில் ஐந்து பேர் நின்றால் ஐந்து பெட்டி. நாடு முழுவதும் எத்தனை லட்சம் வேண்டியிருக்கும் என்று யோசியுங்கள். விக்ரோலியில் மட்டும் சில மாதங்களுக்குள் பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் எஃகுப் பெட்டிகள் செய்து அனுப்பினார்கள். பெட்டிக்கு வெளியே தனிப்பூட்டு போட்டால் விலை கட்டுப்படியாகாது. பூட்டை உள்ளேயே வைக்கும் யோசனையைச் சொன்னது பட்டறையில் வேலை பார்த்த ஒரு தொழிலாளி.

அர்தேஷிர் இறந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது அப்போது. இதை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

பழையபேப்பர்:

பெட்டிக்கு உள்பூட்டு வைக்கத் தெரிந்த தொழிலாளி அந்தக் கம்பெனியில் எப்படி வந்தார்? ஐம்பது வருடம் பூட்டு செய்த கம்பெனி என்பதால்தான். அண்ணன் கணக்கிலேயே எழுதுவேன். 🙂

விக்ரோலிவாசி:

சரி, உங்களிடம் வாதாடி ஜெயிக்க முடியாது.

நடுவுல கொஞ்சம்:

எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். கம்பெனி பெயர் ‘கோத்ரெஜ் அண்டு பாய்ஸ்’. இந்த பாய்ஸ் யார்? வெள்ளைக்காரப் பங்காளியா?

பழையபேப்பர்:

இல்லை, அவரும் பார்சிதான். கடன் கொடுத்த காமா ஒரு நாள் அர்தேஷிரிடம் வந்து, என் மருமகன் ஒருவன் இருக்கிறான், தொழிலில் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். அந்த உறவுக்காரர்தான் பாய்ஸ். சேர்த்துக்கொண்டார். பாய்ஸுக்குத் தொழில் ஒட்டவில்லை, சீக்கிரமே விலகிவிட்டார். பெயரை மட்டும் யாரும் எடுக்கவில்லை. இன்றுவரை ஒவ்வொரு பீரோ ரசீதிலும் அவர் இருக்கிறார். கூடப் பிறந்த தம்பி பெயர் கம்பெனிப் பெயரில் தனியாக இல்லை, சில நாள் வந்துபோனவர் பெயர் நூறு வருடம் தாண்டி நிற்கிறது.

நடுவுல கொஞ்சம்:

இதே மாதிரி மகிந்திரா கதை ஒன்று உண்டு இல்லையா? ஜே.சி., கே.சி. என்று அண்ணன் தம்பி, கூட குலாம் முகமது. 1945இல் ‘மகிந்திரா அண்டு முகமது’ என்று தொடங்கினார்கள். பிரிவினை வந்ததும் அவர் பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதியமைச்சர் ஆனார், பின்னாளில் கவர்னர் ஜெனரலும் ஆனார். 1948இல் இங்கே பெயர் ‘மகிந்திரா அண்டு மகிந்திரா’. மகிந்திராவில் கூட்டாளி போனதும் பெயரை மாற்றினார்கள், கோத்ரெஜில் மாற்றவில்லை.

சட்டம்படித்தவள்:

நீங்கள் எல்லாரும் பூட்டும் பெட்டியுமாகப் பேசுகிறீர்கள். இந்தக் குடும்பத்தில் ஒரு மரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அண்ணன் தம்பிக் கணக்கு முடியாது.

சட்ட வரலாறு படிக்கும்போது ராஜாபாய் கோபுர வழக்கு என்று ஒன்று வரும். பம்பாய் பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டு. 1891 ஏப்ரலில் ஒரு பட்டப்பகலில் இரண்டு இளம் பார்சிப் பெண்கள் அதன் மேலிருந்து விழுந்து இறந்தார்கள். ஒருவர் பச்சுபாய், அர்தேஷிரின் மனைவி. கல்யாணமாகி அதிக நாள் ஆகவில்லை. இன்னொருவர் அவருடைய உறவுப் பெண். விழுந்தார்களா, தள்ளப்பட்டார்களா, யாராவது துரத்தியதால் மானத்துக்குப் பயந்து குதித்தார்களா என்று ஊரே பிளந்து கிடந்தது. ஒருவர் மீது வழக்கு நடந்தது, விடுதலையானார். உண்மை வெளியே வரவேயில்லை.

அப்போது அர்தேஷிருக்கு இருபத்து மூன்று வயதுதான் நிறைந்திருந்தது, சட்ட மாணவர். அவர் மறுமணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளைகள் கிடையாது. சான்சிபாரில் உண்மைக்காக வக்கீல் வேலையை விட்டார் என்று பழையபேப்பர் சார் சொன்னதைப் படித்தபோது எனக்கு அந்த வழக்குதான் நினைவுக்கு வந்தது. இரண்டையும் முடிச்சுப் போடுவது என் ஊகம், ஆதாரம் கிடையாது. ஆனால் மூன்றே வருட இடைவெளி.

இதில் இன்னொரு விஷயம். அண்ணனுக்குப் பிள்ளை இருந்திருந்தால் பதினான்கு வயது இளைய தம்பியை இந்த அளவுக்கு உள்ளே கொண்டுவந்திருப்பாரா?

கும்பகோணத்தான்:

மேடம், இதை நான் படித்ததில் பார்க்கவே இல்லை. சோப்புக்குப் போவோமா? பீரோ இறக்கியதில் பாட்டியின் பழைய சோப்புப் பெட்டி ஒன்றும் கிடைத்தது, அதனால் கேட்கிறேன். பூட்டுக்காரர் எதற்குச் சோப்புக்குப் போனார்?

பழையபேப்பர்:

சோப்பில் அப்போது மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும். ஆசாரக்காரர்கள் தொட யோசிப்பார்கள். அர்தேஷிர் தாவர எண்ணெயில் சோப்பு செய்ய முடியும் என்று கிளம்பி, 1918வாக்கில் ‘சாவி’ என்று பெயர் வைத்துக் கொண்டுவந்தார். தமிழில் நமக்கு என்ன அர்த்தமோ அதே அர்த்தம்தான் அங்கேயும். பூட்டுக்காரர் புத்தி போகவில்லை!

அடுத்து வந்த சோப்புக்குப் பெயர் ‘நம்பர் 2’. ஏன் ‘நம்பர் 1’ இல்லை என்று கேட்டதற்கு, இரண்டே இவ்வளவு நன்றாக இருந்தால் ஒன்று எப்படியிருக்கும் என்று ஜனங்கள் ஆசைப்படட்டும் என்றாராம். அப்புறம்தான் ‘நம்பர் 1’ வந்தது. எங்கள் வீட்டில் இப்போதும் அதுதான். தாகூர், அன்னி பெசண்ட் ஆகியோருடன் நம் ராஜாஜியும் இந்தச் சோப்புக்குப் பரிந்து பேசியவர்களில் ஒருவர்.

காந்தியோடு உறவு இருந்தது, 1921இல் சுதந்திரப் போராட்டத்துக்காகத் திரட்டிய திலகர் நிதிக்கு மூன்று லட்சம் கொடுத்தார். அந்தக் காலத்து மூன்று லட்சம், தலை சுற்றும். ஆனால் இந்தியாவில் செய்தது என்பதற்காக மட்டமான சரக்கை வாங்கு என்று ஜனங்களிடம் சொல்லக்கூடாது என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. வெள்ளைக்காரனிடம் ‘இந்தியாவில் செய்தது’ என்ற எழுத்தை அழிக்க மாட்டேன் என்றவர், நம்மவர்களிடம் அந்த எழுத்து மட்டும் போதாது என்றார்.

திண்டுக்கல்காரன்:

இதுக்குத்தான் நான் அவர் பக்கம்.

விக்ரோலிவாசி:

ஒத்துக்கொள்கிறேன், பெரிய மனுஷன். ஆனால் அதே பெரிய மனுஷன் என்ன செய்தார்? ஒன்று சரியாக நடக்க ஆரம்பித்ததும் அடுத்ததற்குத் தாவினார். கருவி, பூட்டு, இரும்புப் பெட்டகம், சோப்பு. கடைசியில் எல்லாவற்றையும் தம்பியிடம் விட்டுவிட்டு நாசிக் பக்கம் விவசாயம் செய்யப் போனார். கணக்கு, சம்பளம், கடன், கிடங்கு, ஏஜென்ட் பாக்கி எல்லாம் யார் தலையில்? எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து அரிசி மண்டி வைத்திருந்தார்கள். பெரியப்பா நல்ல யோசனைக்காரர். தினமும் காலை ஐந்து மணிக்கு லாரிக்குக் காத்து நின்றது எங்கள் அப்பா. ஊரில் அதைப் பெரியப்பா மண்டி என்றுதான் சொல்வார்கள். அதனால் எனக்குத் தம்பி மேல் கொஞ்சம் சாய்வு, மறைக்கவில்லை.

எஃகு பீரோவே 1923இல்தான் வந்தது. அப்போது அண்ணனுக்கு வயது ஐம்பத்தைந்து. பாட்டியின் பீரோவை யார் செய்தார் என்ற கேள்விக்கு என் பதில் பிரோஜ்ஷாதான். டைப்ரைட்டர் 1955, ஃபிரிட்ஜ் 1958, எல்லாம் தம்பி காலமும் அவர் பிள்ளைகள் காலமும். ராக்கெட்டின் விகாஸ் இன்ஜினும் அங்கேயே செய்கிறார்கள், நம் மகேந்திரகிரியில் வைத்துத்தான் எரித்துப் பார்க்கிறார்கள்.

சும்மா பார்க்கிறவன்:

நிலம் வாங்கியதைத் திறமை என்கிறீர்கள். மும்பை அந்தப் பக்கம் வளர்ந்தது அதிர்ஷ்டம். எங்கள் தாத்தாவும் ஒரு ஊருக்கு வெளியே பத்து ஏக்கர் வாங்கினார், இன்னமும் ஊருக்கு வெளியேதான் இருக்கிறது.

விக்ரோலிவாசி:

😀 நியாயம்தான். ஆனால் வாங்கியதை விற்காமல் வைத்திருந்ததை அதிர்ஷ்டம் என்று சொல்லாதீர்கள்.

சட்டம்படித்தவள்:

2024இல் பாகம் பிரித்தார்களே, அதை யாரும் கவனித்தீர்களா? ஏப்ரல் கடைசியில் அறிவித்தார்கள். ஆதி, நாதிர் இருவர் பக்கம் சோப்பு உள்ளிட்ட நுகர்பொருள், வீடு கட்டும் தொழில், பங்குச்சந்தையில் உள்ள கம்பெனிகள். ஜம்ஷெத், ஸ்மிதா பக்கம் ‘கோத்ரெஜ் அண்டு பாய்ஸ்’, அதாவது பூட்டு, பீரோ, ராக்கெட் வகையறா, கூடவே விக்ரோலி நிலம். கோர்ட்டுக்குப் போகாமல் முடித்தார்கள் என்பதே பெரிய விஷயம். அண்ணன் தம்பிச் சொத்து வழக்குகளைத் தினமும் பார்க்கிறவள் சொல்கிறேன்.

இவர்கள் நால்வருமே பிரோஜ்ஷாவின் பேரப்பிள்ளைகள். முதல் இருவர் அவருடைய மகன் பர்ஜோரின் பிள்ளைகள், மற்ற இருவர் இன்னொரு மகன் நவலின் பிள்ளைகள். பாகத்தை மேலோட்டமாகப் பாருங்கள்: ஒரு பக்கம் சோப்பு, ஒரு பக்கம் பூட்டு. இரண்டுமே அர்தேஷிர் தொடங்கியவை. அண்ணன் தொடங்கிய இரண்டு தொழிலைத் தம்பியின் வம்சம் இரண்டாகப் பிரித்துக்கொண்டது. யார் உண்டாக்கியது என்று நீங்கள் மூன்று நாளாக அடித்துக்கொள்கிறீர்கள், பாகப்பத்திரத்தில் இரண்டு பேரையும் பிரிக்கவே முடியவில்லை.

பழையபேப்பர்:

மேடம், இதற்கு என்னிடம் பதில் இல்லை. வக்கீலிடம் வாய் கொடுக்கக் கூடாது.

திண்டுக்கல்காரன்:

கும்பகோணத்தான் தம்பி, பீரோவின் உள் லாக்கர் சாவி இருக்கிறதா? பழைய பீரோக்களில் பெரும்பாலும் அதுதான் தொலைந்திருக்கும். டிரில் போட்டுவிடாதீர்கள், பூட்டு போய்விடும். பழைய லீவர் பூட்டு தெரிந்த ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். வெற்றுச் சாவியில் மெழுகுக் கரி பூசி உள்ளே விட்டால் எந்தத் தகடு எங்கே தொடுகிறது என்று தடம் விழும், அதைப் பார்த்து ராவுவார்கள். அரை நாள் வேலை. எண்ணெய் ஊற்றாதீர்கள், தூசியோடு சேர்ந்து பசையாகிவிடும். பென்சில் கரியைப் பொடித்துப் போடுங்கள்.

கும்பகோணத்தான்:

நன்றி அண்ணே. சாவி இருக்கிறது, பாட்டியின் சுருக்குப்பையில் கிடந்தது. பென்சில் பொடி போட்டேன், முதல் திருப்பிலேயே ‘டக்’. உள்ளே எதுவும் இல்லை, 1987ஆம் வருட ரேஷன் கார்டும் ஒரு தாம்பூலப் பையும்.

புது வீட்டு மாடிப்படி குறுகல், பீரோ ஏறவில்லை. நேற்றுச் சென்னையிலிருந்து என் தம்பி வண்டி பிடித்து வந்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். சாவி என் சட்டைப் பையிலேயே தங்கிவிட்டது. கொரியரில் அனுப்ப வேண்டும்.